மாட்டு டாக்டர் சொக்கலிங்கமும் எங்கள் சீம்பாலும்

கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது தேநீர்க் கடைக்காரர்தான் செய்தியைச் சொன்னார்.

"டீச்சர், மாட்டு டாக்டரு போயிட்டாருங்க. நேத்து காலைல கடையில உக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்."

நான் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். "அப்படியா" என்று மட்டும் கேட்டேன். ரயில் வந்ததும் ஏறிக்கொண்டேன். அட்டன் வரும்வரை கண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. அவருக்காக அழக் கூடாது என்று நான் முடிவு செய்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் கடைத்தெரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. போனேன். பொறுமையின் உருவம் என்றார் ஒருவர். வாயில்லா ஜீவன்களின் தந்தை என்றார் இன்னொருவர். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசியறியாதவர் என்று மூன்றாமவர் சொன்னபோது சபையைச் சுற்றிப் பார்த்தேன். அவரிடம் "மடையா" என்று பேச்சு வாங்கியவர்கள்தான் வரிசையாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நினைவு மலர் போடுகிறவர்கள் கூட்டம் முடிந்து என்னிடம் வந்தார்கள்.

"ரெண்டு நல்ல வார்த்த எழுதித் தாங்க டீச்சர்."

"நல்ல வார்த்தையா, நடந்ததா?"

"ரெண்டையும் கலந்து எழுதுங்களேன்" என்றார்கள்.

எனக்குக் கலக்கத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான் இது. மண்டபத்தில் மட்டும் மறந்துபோனீர்கள்.

சொக்கலிங்கத்தின் அப்பாவுக்குக் கடைத்தெருவில் அரிசி பருப்புக் கடை இருந்தது. மகனைக் கால்நடை வைத்தியம் படிக்கச் சென்னைக்கு அனுப்பினார். மகன் படித்துவிட்டுத் திரும்பிய காலத்தில் சட்டம் வந்து, இங்கே பிறந்து வளர்ந்த நம்மையெல்லாம் நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அரசாங்க வேலைக்கு மனுப் போட்டார். பிரஜாவுரிமைக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி, ஒரு மேசையும் மைக்ராஸ்கோப்பும் போட்டு உட்கார்ந்தார். "மாட்டுக்கு மட்டும்தான் நான் டாக்டர். அது என்கிட்ட அத்தாட்சி கேக்காது" என்பார். இந்தக் கசப்பு நியாயமானது. அதைச் சரியான ஆட்கள்மீது அவர் காட்டியிருக்கலாம். அவர்கள் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். அதனால் கையில் அகப்பட்ட எங்கள்மீது காட்டினார்.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பா இல்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களுக்கென்று இருந்த ஒரே சொத்து இலட்சுமி என்ற பசு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகையில் கட்டியிருந்தோம். தோட்டத்தில் மாடு வளர்க்கத் துரையின் அனுமதி வேண்டும். துரைக்கும் நமக்கும் நடுவில் இருந்தவர் கணக்கப்பிள்ளை. அவர் மனம் கோணாமல் இருந்தால்தான் அனுமதியும் இருக்கும்.

எங்கள் லயத்தில் பசு கன்று போட்டால் சீம்பால் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. முதல் கறவையில் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு கிண்ணமும், மிச்சம் சொம்போடு கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் போகும். அடுத்த கறவையைச் சர்க்கரை போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். அதற்கெல்லாம் பிறகு மடியில் எஞ்சியது கன்றுக்கு. சாயங்காலம் கிடைக்கும், சில சமயம் மறுநாள். கெட்டியான அந்தப் பால் பிஞ்சுக் கன்றுக்குச் செரிக்காது என்றும் சொல்லிக்கொள்வோம். கன்றுகள் பத்து நாளைக்குள் வெள்ளைக் கழிச்சல் கண்டு சாவது வழக்கமாக இருந்தது. மழை ஒத்துக்கொள்ளவில்லை என்போம், கண்பட்டது என்போம்.

இலட்சுமி கன்று போட்ட அன்று நல்ல மழை. கன்று குறுக்காகக் கிடந்தது; வெளியே வரவில்லை. வேறு வழி இல்லாமல் ஆள் அனுப்பினோம். சொக்கலிங்கம் மோட்டார் சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்தார். வந்ததும் கொட்டகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இந்த லட்சணத்துல மாடு வளக்கலன்னு யாரு அழுதா? ஏய், வெந்நீர் கொண்டா."

அம்மா அவரைவிட எவ்வளவோ மூத்தவர். "அம்மாகிட்ட மரியாதையா பேசுங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பினார். நெடுநேரம் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு பசுவுக்கு மட்டும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் மனிதர்களிடம் அவர் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் கன்று விழுந்தது. கிடாரி. உயிர் இருந்தது, எழுந்து நிற்கத்தான் வலு இல்லை.

கணக்கப்பிள்ளை வீட்டு வேலையாள் சொம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அந்தச் சொம்பை வாங்கி, மஞ்சள் மஞ்சளாகச் சீம்பாலைக் கறந்தார். கைகழுவிக்கொண்டிருந்த சொக்கலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்க போகுது?"

"கணக்கப்புள்ள ஐயா வீட்டுக்குங்க" என்றார் அம்மா.

அவர் சொம்பைப் பிடுங்கினார். அம்மா விடாமல் பிடித்தார். அம்மாவின் கையைத் தட்டிவிட்டார். நான் கண்ணால் பார்த்தேன், புறங்கையில் சிவந்துபோனது. பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துப் பாலை ஊற்றி, கன்றின் தலையை மடியில் வைத்து, நாக்கை விரலால் தடவித் தடவிச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கவைத்தார்.

"ஐயா, அது கணக்கப்புள்ள வீட்டுப் பாலுங்க. எங்களுக்குப் பொல்லாப்பு வந்துருங்க" என்று அம்மா கெஞ்சினார்.

"கணக்கப்புள்ள கழிச்சல்ல சாவமாட்டான். இது செத்துப்போயிடும். வாய மூடிக்கிட்டு நில்லு."

சொம்பு முழுவதும் கன்றின் வயிற்றுக்குள் போனது. வேலையாள் வெறுங்கையோடு படியேறிப் போவதை லயமே பார்த்தது. சொக்கலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, ராத்திரிக்குள் இன்னும் இரண்டு தடவை கொடுக்க வேண்டும் என்று கத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். தான் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் நின்றபோது, கணக்கப்பிள்ளை அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"ஒன் மாட்டால லயத்துல ஈ மொய்க்குதாம். தொரை கோவிக்கிறாரு. அப்புறப்படுத்திடு."

அதே லயத்தில் வேறு வீடுகளிலும் மாடு இருந்தது. அவற்றில் ஈ மொய்க்கவில்லை போலும். அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டார். நான் போய்ப் பேசினேன். "பள்ளிக்கூடத்த மட்டும் பாருங்க டீச்சர்" என்றார். கடைசியில் மலைக்குக் கீழே கிராமத்திலிருந்து ஒரு சிங்கள விவசாயி வந்தார். நல்ல மனிதர். கன்றோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். அம்மா பாலம்வரை கூடவே நடந்தார். திரும்பி வந்து, "கன்னு நல்லா நடக்குது பாத்தியா. ஓடுது" என்றார். அதன்பிறகு கொட்டகைப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் நான் நேராகச் சொக்கலிங்கத்தின் அறைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவர் தலை தூக்கவில்லை.

"எங்க மாடு போயிருச்சு" என்றேன்.

"கன்னு?"

"அதுவும்தான்."

"செத்துருச்சா?" சட்டென்று நிமிர்ந்தார்.

"இல்ல. வித்துட்டோம்."

"அப்ப கன்னு நல்லாருக்குல்ல" என்று மறுபடி குனிந்துவிட்டார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை என்னால் இன்றும் அப்படியே திரும்ப வரவழைக்க முடியும். ஒரு சொம்புப் பாலில் என்ன இருக்கிறது, அதற்காக ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்தீர்களே என்று சத்தம் போட்டேன். முன்கடையில் அரிசி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவரும் எழுந்து சத்தம் போட்டார். திட்டுவதும் விளக்குவதும் அவருக்கு ஒரே காரியம்தான்.

"என்ன இருக்குன்னா கேக்குறீங்க? கேளுங்க. திங்கிற எதையும் கொடலு முழுசா உள்ள விடாது. நொறுக்கித் துண்டு துண்டாக்கித்தான் விடும். நோயத் தடுக்குற புரதம் ரொம்பப் பெரிய மூலக்கூறு. செல்லோட சவ்வ அது தாண்டவே முடியாது."

"எங்க புத்தகத்துல செல்லுக்குக் கலம்னு பேரு" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"கலமோ செல்லோ, பேர மாத்தினா கன்னு பொழைக்குமா? அந்தப் புரதம் தாய்ப் பசுவோட ரத்தத்துல கெடக்கு. நஞ்சுக்கொடி வழியா கன்னுக்குப் போகாது. ஒன்னும் இல்லாமத்தான் கன்னு பொறக்குது. சீம்பால்லதான் அதுக்கு எல்லாம் வருது. பொறந்த மொத நாள் மட்டும் கொடல்ல இருக்குற செல்லு, தன்னோட சவ்வையே உள்ளுக்குக் குழிச்சு மடிச்சு, அந்தப் பெரிய சரக்க ஒடைக்காம அப்படியே முழுங்கி, அந்தப் பக்கம் ரத்தத்துல சேத்துடும். ஒரு நாள்தான். நேரம் ஆக ஆகக் கொறைஞ்சிக்கிட்டே வரும். மறுநாளு அடைச்சுக்கும். அதுக்கப்புறம் கொடம் கொடமா சீம்பால் ஊத்துங்க, அது வெறும் சாப்பாடு. நீங்க அந்த ஒரு நாளத் தூக்கிக் கணக்கப்புள்ளைக்குக் குடுக்குறீங்க."

கோபத்திலும் எனக்குக் கேள்வி வந்துவிட்டது. "எப்படி அடைச்சுக்குது? ஒரு நாள் ஆச்சுன்னு கொடலுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நின்றார். "தெரியாது" என்றார். "எனக்கு மட்டும் இல்ல. யாருக்கும் இன்னும் தெரியாது."

அந்த ஒரு நொடி அவர் குரலில் சண்டை இல்லை. நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். "இதையெல்லாம் எங்க அம்மாகிட்ட நின்னு நிதானமா சொல்லியிருந்தா, பாலப் பாதி பாதியாவாவது பிரிச்சிருப்பாங்க. கணக்கப்புள்ளைக்கும் ஏதாவது போயிருக்கும். மாடு இருந்திருக்கும்."

"நீங்கள்லாம் பயந்து சாவுறதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்க திரும்பிப் போறதுக்குக் கடை இருக்கு. நாங்க அந்த லயத்துக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் கணக்கப்பிள்ளையின் பசு கன்று போட்டது. வீட்டுக்கு விருந்தாள்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் சீம்பால் முழுவதையும் அவித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். சில நாளில் காளைக்கன்றுக்குக் கழிச்சல் கண்டது. சீமை மாட்டுக் கலப்பில் பிறந்த கன்று. அதன்மேல் அவருக்கு ரொம்ப ஆசை. சொக்கலிங்கத்துக்கு ஆள் போனது. மாடு பிடிக்க அம்மாவையும் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று நியாயம் கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன். கணக்கப்பிள்ளை சொக்கலிங்கத்தின் கையை எதிர்பார்த்து நிற்கிறார். அம்மா எதிரில் நிற்கிறார். இவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சொக்கலிங்கம் கன்றின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"சீம்பால் எப்பக் குடுத்தீங்க?"

கணக்கப்பிள்ளை தயங்கினார். "மறுநாளு சாயந்தரம் கொஞ்சம்…"

"அறிவு இருக்காய்யா ஒனக்கு? இனி வாய் வழியா ஒன்னும் நடக்காது. கதவு அடைச்சாச்சு. ஊசியிலதான் ஏத்தணும்."

கணக்கப்பிள்ளையை "ஒனக்கு" என்று யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மா பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். சொக்கலிங்கம் அதன் கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார். அது உறைந்து மேலே மஞ்சள் நீர் தெளியும்வரை கன்றுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் புகட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த மஞ்சள் நீரை ஊசியில் ஏற்றினார். சாயங்காலம்வரை மண்டியிட்டபடியே இருந்தார். கன்று பிழைக்கவில்லை. அவர் அதன் தலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார்.

நான் வழிமறித்தேன். "எங்களுக்காக ஒரு வார்த்த கேக்கலியே நீங்க?"

"கன்னு செத்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல ஒங்க வழக்கையா பேசச் சொல்றீங்க?"

அந்தப் பதிலில் என்னால் இன்றுவரை குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பதில் அம்மாவுக்குப் பசுவைத் திருப்பித் தரவில்லை. கணக்கப்பிள்ளை அதன்பிறகு யாரிடமிருந்தும் சீம்பால் வாங்கவில்லை. மனம் திருந்தினார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாலைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். எங்கள் அனுமதியைப் பற்றி அவர் பேசவும் இல்லை.

சொம்பு நின்றாலும் லயத்தில் மற்ற முறைகள் நிற்கவில்லை. கோயிலுக்குக் கொடுப்பதும் அவித்துப் பங்கிடுவதும் தொடர்ந்தன. கன்றுகளும் செத்துக்கொண்டிருந்தன. எங்கள் தலைமை ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, சொக்கலிங்கத்தைப் பேச அழைத்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, நிறைமாதமாக இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்.

"நாங்களும் மொதப் பால பீச்சிக் கொட்டிட்டுத்தான் புள்ளைக்குக் குடுக்குறோம். எங்க புள்ளைங்க எல்லாம் செத்தா போச்சு?"

சபை சிரித்தது. நல்ல கேள்விதான். அதற்கு நல்ல பதிலும் அவரிடம் இருந்தது. மனிதக் குழந்தைக்கு அந்தப் புரதம் கருவிலேயே தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போய்விடுகிறது, மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடுவதில்லை, அதுதான் வித்தியாசம் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனாலும் ஒடம்பு செஞ்சு வச்சதக் கொட்டுறீங்களே, மூளையையும் கூடவே கொட்டிட்டீங்களா?" என்றார்.

பெண்கள் எழுந்துவிட்டார்கள். "யாரப் பாத்து என்ன பேசுறீரு?" என்று ஒருவர் கத்தினார். குடைகள் விரிந்தன. தலைமை ஆசிரியர் கையைப் பிசைந்தார். அப்போது என் அம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். அம்மா சபையில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"ஒக்காருங்கடி" என்றார். "இந்தாளு என்னைய கையில அடிச்சாரு. இவரால என் மாடு போச்சு. எனக்கும் இவரக் கண்டா ஆகாது. ஆனா என் கன்னு பொழைச்சுச்சு. கணக்கப்புள்ள கன்னு செத்துச்சு. ரெண்டையும் நான் பாத்தேன். கோயிலுக்குக் குடுங்க, ஊருக்குக் குடுங்க, யாரு வேணாங்கிறா? மொதல்ல கன்னுக்குக் குடுங்க. இவருக்காக இல்ல."

பெண்கள் உட்காரவில்லை. ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சொக்கலிங்கம் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றார். நன்றி சொல்லவில்லை. அந்த வருடத்திலிருந்துதான் எங்கள் லயத்தில் கன்றுகள் தங்கத் தொடங்கின. மண்டபத்தில் பேசியவர்கள் அதை அவருடைய சாதனை என்றார்கள். அது என் அம்மாவின் சாதனை என்பதை இந்த மலரில் பதிவு செய்கிறேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது பொகவந்தலாவை பஸ்ஸில். இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்று வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த சமயம். என் பக்கத்து இருக்கைதான் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது, பை மட்டும் அதே பை. வளைவுகள் பல கடந்த பிறகு கேட்டார்.

"ஒங்கம்மா எப்படி இருக்காங்க?"

அவர் வாயிலிருந்து அம்மாவுக்கு "இருக்காங்க" என்ற மரியாதை வந்தது அதுதான் முதல் தடவை.

"போன மழைக்கு முந்தி போயிட்டாங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேயிலை மலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "அவங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

"என்ன?"

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியது. ஒங்ககிட்ட எதுக்கு?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நினைத்திருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் அவரை அறிந்தவள் என்பதால் சொல்கிறேன்: கொட்டகைத் தரையில் ஈரம் இருந்தது என்று திட்ட நினைத்திருக்கவும் கூடும்.

அவரை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக நல்லவர் ஆக்கவும் மாட்டேன். ஆனாலும் அவரிடமிருந்து ஒன்று என்னிடம் வந்து தங்கிவிட்டது. அது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் பசு அப்போதுதான் கன்று போட்டிருந்தது. வெளியூரிலிருந்து வாழ வந்த இளம்பெண், எங்கள் கதை எதுவும் அறியாதவள், மடிக்குக் கீழே பாத்திரத்தை வைத்துக் கறக்க உட்கார்ந்தாள். கன்றை எட்டத்தில் கட்டியிருந்தாள். நான் வேலியைத் தாண்டி உள்ளே போய், "ஏய், மொதல்ல கன்ன விடு!" என்று கத்தினேன். பாத்திரத்தைக் காலால் தள்ளியும்விட்டேன். அவள் பயந்து எழுந்து, கன்றை அவிழ்த்துவிட்டாள். அது தட்டுத்தடுமாறிப் போய் மடியைத் தேடிப் பிடித்தது. நின்று விளக்கிச் சொல்ல எனக்குப் பள்ளிக்கூட மணி இடம் தரவில்லை. வேலியோரம் வந்து திரும்பிப் பார்த்தேன். கன்று குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அத்தனை வெறுப்போடு.